பதினோரு சென்ட்

நெச்சாக்கோ மேட்டுநிலத்தில், ஆகஸ்ட் கடைசியில்,
காற்றே இல்லாத காலையில்
பதினான்கு வயதுப் பைன் ஒன்று சாய்ந்து கிடக்கிறது.
முறியவில்லை. வண்டு துளைக்கவில்லை.
உச்சிக் குருத்து மட்டும் மறுபடி
வானம் பார்த்து வளைந்திருக்கிறது,
விழுந்த சேதி தனக்கு இன்னும் வந்துசேராதது போல.

ஹில்கா தீயணைப்புக் குழாயால்
அடிமரத்து மண்ணைக் கழுவுகிறாள்.
அவளுக்கு வேர்கள்தான் படிப்பு.
எனக்கு இது இரண்டு வாரக் கூலி.
இந்தச் சரிவில் முன்பே குனிந்தவள் நான் என்பதை
வேலைக்கு வரும்போது சொல்லவில்லை.

அந்த வசந்தத்தில் எனக்கு இருபத்தொன்று.
கன்று ஒன்றுக்குப் பதினோரு சென்ட்.
இடுப்பின் இருபுறமும் பை, கையில் குட்டை மண்வாரி.
குத்து, பிள, செருகு, குதிகாலால் மிதி, நட.
ஒரு மரத்துக்குப் பத்து வினாடிக்கு மேல் தந்தால்
கூடாரத்துக்கும் கஞ்சிக்கும் பிடித்ததுபோக
கையில் ஒன்றும் மிஞ்சாது.

தெர்மாகோல் குழிகளில் வளர்ந்த கன்றுகள்.
சுவரைத் தொட்ட வேர் சுவரோடே இறங்கி,
அடியில் வழியின்றித் திரும்பி,
பெருவிரல் பருமனில் ஒரு தக்கையாகியிருக்கும்.
மண்ணைப் பார்க்கும் முன்பே
மண் என்றால் இவ்வளவுதான் என்று
தீர்மானித்துவிட்ட வேர்.
சில தட்டுகளில் சுவருக்குச் செம்புப் பூச்சு உண்டாம்,
செம்பில் பட்ட நுனி அங்கேயே நின்று
நட்டபின் நாலாபக்கமும் கிளம்புமாம்.
அந்தத் தட்டுகள் விலை கூட.
எங்களுக்கு வந்தவை வேறு.

கல் இடறினால் இன்னொரு குழி தோண்டாதே,
வேரை மடக்கித் திணி, பிறகு
கழுத்தைப் பிடித்து ஓர் அங்குலம் தூக்கு,
பார்வைக்கு நேராக இருக்கும் என்றாள் எட்மே.
அவள் ஒரே பருவத்தில் பழைய லாரி வாங்கினாள்.

சோதிக்க வந்த லோர்ன்
மூன்றே மூன்று ஊசியிலைகளைப் பிடித்து இழுப்பான்.
இலை பிய்ந்தால் நடவு உறுதி,
கன்றே கையோடு வந்தால் அபராதம்.
மண்ணுக்குக் கீழே அவனுக்குக் கேள்வி இல்லை.
என் வரிசையில் ஒன்றும் கையோடு வரவில்லை.
ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பரிசாகக் கிடைத்தது.

தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடி, தெளிகிறது.

ஆணிவேர் கீழே போகவே இல்லை.
தூண்டில் முள்ளாகத் திரும்பி
மேலே வந்திருக்கிறது, வந்தவழி தேடி.
பக்கவேர்கள் ஒன்றையொன்று சுற்றிப் பருத்து
தங்கள் கழுத்தைத் தாங்களே நெரிக்கின்றன.
குழிச்சுவரின் நீளக் கோடுகள்கூட அழியவில்லை.
தட்டு எந்தக் குப்பைக்குப் போயிற்றோ,
அதன் அச்சு இங்கே உயிரோடு தடித்துக் கிடக்கிறது.
வடக்கே ஒரே ஒரு வேர் எப்படியோ தப்பியிருக்கிறது.
பதினான்கு பனிக்காலமும் அதன் ஒற்றைப் பிடியில்தான்.

பத்தடி தள்ளி, யாரும் நடாத பைன்.
கரிந்த கட்டையோரம் விதை விழுந்து முளைத்தது.
முதல் ஆறு வருடம் இதைவிட அது குள்ளம்
என்கின்றன வளையங்கள்.
அப்போதெல்லாம் அது எங்கே செலவழித்தது என்பதை
ஹில்காவின் அளவுநாடா ஐந்து திசையிலும் நீண்டு,
நீளம் போதாமல், சொல்கிறது.

படிவத்தில் ‘நான்கு’ என்று எழுதுகிறாள்.
மடங்கிய வேருக்கு அது குறியீடு.
“நட்டவருக்கு என்ன அவசரமோ” என்கிறாள் தனக்குள்.
“அன்றைக்குப் பனிமழை” என்றது என் வாய்.

குழாயை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.
திட்டுவாள் என்று நின்றேன்.
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டாள்:
“மண்வாரியின் அலகு எத்தனை அங்குலம்?”
ஒன்பது, என்றேன். தேய்ந்து ஏழு.
அதையும் எழுதிக்கொண்டாள்.

இந்த மரம் என்னுடையதா, தெரியாது.
இச்சரிவில் நாங்கள் ஒன்பது பேர்.
அடுத்தது நேராகத்தான் நிற்கிறது,
பச்சையாக, கூம்புகளோடு.
உள்ளங்கை வைத்து மெல்லத் தள்ளினேன்.
அடியில், பாசிக்குக் கீழே, ஏதோ நகர்ந்தது,
விழப்போகும் பல்லை
நாக்கு தொட்டதும் அசைவது போல.