சுணைக் காலம்

மாசி பிறந்தால்
சம்மாந்துறைக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும்.
பெரும்போக வெட்டு.
மெஷின் இறங்கிய வயலிலிருந்து
எழும்புகிற சுணை
அம்பாறை வீதியைத் தாண்டி வந்து
எங்கள் பாமசியின் கண்ணாடி அலுமாரியில் குந்தும்.
விரலால் பெயர் எழுதலாம்.

இந்த ஒரு மாதம்
பிரஷர் மாத்திரையை விட
மஞ்சள் குளுசைதான் ஓடும்.
காட்டோடு வாங்குவோர் போடிமார்.
கத்தரியால் நறுக்கி
இரண்டு மூன்றாய் வாங்குவோர்
மில்லில் நெல் காய வைக்கிறவர்கள்.

"நித்திரை வாறதா, வராததா?"
இதுதான் நான் கேட்கும் ஒரே கேள்வி.
வராதது வெள்ளை. விலை கூட.
டிரக்டர்காரன் வெள்ளை கேட்பான்.
வாத்தியார் பெட்டியைத் திருப்பித் திருப்பி
திகதி வாசித்துவிட்டு
மஞ்சளுக்கே வருவார்.

றகீபா ராத்தா மட்டும்
கேள்வி முடியுமுன்னே சொல்லுவா:
"வாறது."

நாலு கிழமையாய், நாலு நாலு.
மூக்கு சிவக்கவில்லை, கண் கசியவில்லை.
கண்ணுக்குக் கீழேதான்
இரண்டு கறுத்த பிறை.
நித்திரைக் குளுசைக்கு
டொக்டரின் துண்டு வேணும்.
தும்மலுக்கு எவருடைய துண்டும் வேண்டாம்.

நேற்று
கத்தரியை எடுக்காமல் கொஞ்சம் நின்றேன்.
அவவுக்கு விளங்கிவிட்டது.
முந்தானையால் பொத்தி
ஒரு தும்மல் தும்மினா.

இந்தக் கடையில்
தும்மினவர் அல்ஹம்துலில்லாஹ் என்பார்,
உள்ளே கணக்கெழுதும் ஹாஜியார்
தலை தூக்காமலே
யர்ஹமுகல்லாஹ் என்பார்.
நாளுக்கு நாற்பது தரம்.

அவ சொல்லவில்லை.
உதடு பிரிந்தது,
பொய்த் தும்மலுக்குப்
படைத்தவனைப் புகழக் கூசி
மூடிக்கொண்டது.
உள்ளே ஹாஜியாரின் பேனை
நின்று,
பிறகு ஓடியது.

இரண்டு மட்டும் வெட்டிக் கொடுத்தேன்.
"போட்டா வாகனம் ஓடப்படா" என்றேன்,
பழக்கதோஷம்.
சைக்கிளும் இல்லாத மனுசி
சரியென்று தலையாட்டினா.

இன்று காலை
நான் கதவை முழுக்கத் திறக்கவுமில்லை.
"இந்தக் குளுச சரியில்ல மனே.
பழசு போல."
"ஏன், தும்மல் நிக்கல்லயா?"
"என்ன தும்மல்?"
கேட்டுவிட்டு
வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டா.

ஒரு லொறி
நெல் மூட்டையோடு போனது.
அதன் பின்னால் சுணை.
எனக்குத்தான் வந்தது,
அடுத்தடுத்து மூன்று.
நான் ஒவ்வொரு தரமும் புகழ
ஒவ்வொரு தரமும்
ஹாஜியார் இல்லாத கடையில்
அவ பதில் சொன்னா.