முக்கோல்

முதலில் விளக்குகளை நிறுத்தினோம்.
பள்ளிக்கூடம், சங்கக்கடை, வைரவர் கோயில் வாசல்,
பிறகு குளக்கட்டு வீதியில் இரண்டு.
காட்டோரம் முகாமின் விளக்கொன்று மிஞ்சியது.
அதை நிறுத்தச் சொல்லி யார் போய்க் கேட்பது?
தொலைநோக்கியை மறுபக்கம் திருப்பி வைத்தோம்.

விரிவுரையாளர் சுதர்மன் யாழ்ப்பாணத்திலிருந்து
வானில் வந்திருக்கிறார் என்று அதிபர் அறிவிக்க
பொடியள் சிரித்தார்கள். வாடகை வான் அது.
சனிக்கு இம்முறை வளையம் ஒடுக்கம் என்றார் அவர்,
கோடுபோலத்தான் தெரியும், குறை நினைக்க வேண்டாம் என்றார்,
விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுக் கறி காணாதவர் போல.

என் வேலை வரிசை.
சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச், ஆளுக்கு நாற்பது விநாடி.
முதலில் குனிந்த பொடியன் ‘ஒரே கறுப்பு’ என்றான்.
மூடி கழற்றியிருக்கவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே மூன்று வெள்ளி,
நடுவில் பெரியது.
‘திருவோணம். முக்கோல் எண்டும் சொல்லுறது.
இப்ப நீங்கள் பாக்கிற வெளிச்சம்
அங்கயிருந்து வெளிக்கிட்டு ஏறக்குறையப் பதினேழு வருசம்.’

சனம் கழித்துப் பார்த்தது.
எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்குக்கு விரல் தேவையில்லை.
கதிரைகள் அரைபடும் சத்தம் நின்றது.
அவரும் சொன்ன பிறகுதான் கழித்திருக்க வேண்டும்;
தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமல் மூடினார்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் அதிபர்.
படலையடியில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த இராசமலர் கேட்டாள்:
‘அப்ப அங்க ஒருத்தர் இதைப்போல ஒண்டை வைச்சுக்கொண்டு
இஞ்சால பாத்தா, இண்டைக்கு என்ன தெரியும்?’

சுதர்மன் நேர்மையான மனிதர்.
ஆடி எவ்வளவு அகலம் வேண்டும் என்று விளக்கினார்.
சூரியனுக்குப் பக்கத்தில் பூமி மின்மினியளவும் இல்லை என்றார்.
ஆட்களை, வீடுகளை, கடற்கரையை
அங்கிருந்து பிரித்தறிய முடியாது என்றார்.
கடற்கரையை என்று ஏன் சொன்னாரோ.

‘அங்கயிருந்தும் காணேலாதோ’ என்றாள்,
மண்ணெண்ணெய் முடிஞ்சுது என்றால்
சங்கக்கடையில் திருப்பிக் கேட்கும் அதே குரலில்.

பிறகு பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு
வரிசையின் கடைசியில் வந்து நின்றாள்.
முறை வந்தது. குனிந்தாள்.
நாற்பது விநாடி. ஐம்பது. எண்பது.
பின்னால் ஆளில்லை, அதனால்தான் நான் சொல்லவில்லை
என்று வைத்துக்கொள்ளுங்கள்.
‘ஓரத்துக்குப் போட்டுது,’ என்றாள். ‘இப்ப இல்லை.’
சுதர்மன் வந்து குழாயை ஒரு மயிரளவு நகர்த்தினார்.
அவள் மறுபடி குனிந்தாள்.

யானை இறங்கும் நேரமென்று சனம் கலைந்தது.
மெயின் சுவிட்சைப் போட்டேன். பூச்சிகள் உடனே வந்தன.
மீந்த கச்சானைக் கரியரில் கட்டிக்கொண்டு
இராசமலர் சைக்கிள் ஏறினாள்.
அவளின் டைனமோ லைட்டுக்குக் கழுத்து முறிந்து கனகாலம்;
பாதையைக் காட்டாது, மேலே பார்த்துத்தான் எரியும்.
குளக்கட்டால் மிதித்துப் போனாள்,
வெளிச்சம் பாலைமர இலைகளின் அடியில் பட்டுப் பட்டு,
மரமில்லாத இடத்தில்
ஒன்றிலும் படாமல்.