ஓட்டுநர் பக்கத்துக் கதவு

பதினொரு துண்டுகள்.
கழற்றிக் குளியல் தொட்டியில் அடுக்கிவிட்டேன்.
இரண்டு கிளிப் உடைந்தன. ஒரு திருகு
இருக்கைக்கு அடியில் உருண்டு போய்
இனி வரமாட்டேன் என்று இருந்துகொண்டது.

எல்லாம் சிவப்பு.
மாதுளைச் சிவப்பு என்றால்கூடப் பொறுத்திருப்பேன்.
தீயணைப்பு வண்டிக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு.
தம்பி கோச்சாவின் கைவண்ணம்.
நான் பத்துமியில் வேலையாய் இருந்த வாரத்தில்
யாரையும் கேட்காமல்
ஸ்ப்ரே டப்பா நாலு வாங்கி
டாஷ்போர்டு ஓரம், கியர் சுற்று, கதவுக் கைப்பிடி,
ஒன்று விடாமல் அடித்து வைத்திருந்தான்.
அப்பா எட்டிப் பார்த்து
"இது காரா, கசாப்புக் கடையா?" என்றார்.
அவன் சிரித்தான். பதில் இல்லை.
அந்தச் சிவப்புக்குள் உட்கார்ந்து
ஐந்து வருடம் எஃகு ஆலைக்குப் போய்வந்தேன்,
தினமும் ஒரு வசவு அவனுக்கு.

இப்போது அவன் போலந்தில், கோழிக் கிடங்கில்.
அப்பா இல்லை.
ஓப்பலை விற்றாக வேண்டும்.
ருஸ்தாவிச் சந்தையில் ஆயிரம் கார் நிற்கும்போது
சிவப்புக் குடலோடு நிற்பதை
எவன் வாங்குவான்?

முதலில் நகப்பூச்சு அழிக்கிற திரவம்.
வண்ணம் போனது. கூடவே பிளாஸ்டிக்கும் இளகி
என் கட்டைவிரல் ரேகை
சாம்பல் தட்டு மூடியில் பதிந்துவிட்டது.
போலீசுக்கு வேலை மிச்சம்.

உதிரிபாகக் கடை மல்ஹாஸ் சொன்னான்:
"பிரேக் ஆயில் தடவு. பாலித்தீன் சுற்று.
போய்த் தூங்கு."

காலையில்
காய்ச்சிய பாலின் ஆடைபோலச்
சுருங்கிக் கிடந்தது சிவப்பு.
வழித்தால் வருகிறது, பட்டை பட்டையாய்.
தோல்போல வார்த்த பிளாஸ்டிக்,
மாட்டைப் பார்த்தே இராத மாட்டுத்தோல்.
அதன் சுருக்கங்களுக்குள் ஒளிந்ததை
என் பழைய பல்துலக்கி
குந்தி உட்கார்ந்து தோண்டியது.

பத்துத் துண்டும் கறுப்பாய்த் திரும்பிவிட்டன.
பதினொன்றாவது,
ஓட்டுநர் பக்கத்துக் கதவில் ஜன்னல் பொத்தான்கள் இருக்கும் துண்டு.
சிவப்புக்கு அடியில் மஞ்சளாய் ஏதோ.
புட்டி. சுண்டுவிரல் நகம் அளவு.
துலக்கியின் காம்பால் நெம்பினேன்.
கழன்று விழுந்தது.
அடியில் ஒரு குழி,
உருகி மடங்கிய விளிம்போடு.

என் சிகரெட்.

விட்டுவிட்டேன் என்று
அப்பாவிடம் சத்தியம் செய்திருந்த மாதம்.
ஆலை வாசலில் மழை, கண்ணாடியை இறக்க முடியாமல்
இருட்டில் தட்டைத் தேடிய கை.
கோச்சாவிடம் மட்டும் சொன்னேன்.
"விடு" என்றான்.
மறுநாள் பத்துமிக்குக் கிளம்பினேன்.
விட்டேவிட்டேன்.

அந்தத் துண்டுக்கு மட்டும் அடித்திருந்தால்
அப்பாவின் கண் நேரே அங்கேதான் போயிருக்கும்.
அதனால் பதினொன்றுக்கும்.

போன் போட்டேன். பின்னால் இயந்திர இரைச்சல்.
"சிவப்பை எடுத்துவிட்டேன்" என்றேன்.
"அப்பாடா," என்றான்,
"கண்ணராவியாக இருந்தது."
ஷிஃப்ட் மணி அடித்தது.

நானூறு எண் உப்புத்தாள், தண்ணீரில் நனைத்து.
பிறகு எண்ணூறு.
ஆல்கஹால் துணியால் ஒரு துடைப்பு;
அதற்குப்பின் விரல் படக்கூடாது.
ஒட்டுவதற்கான பூச்சு, மூச்சுவிட்டாற்போல மெல்லிசாய்.
பால்கனிக் கொடியில்
உள்பாவாடைகளுக்கு நடுவே தொங்கவிட்டு
மங்கல் கறுப்பு, மூன்று கோட்டு,
இடையிடையே கால் மணி நேரம்.
மேல்வீட்டு எதேரி நாற்றம் என்று கத்தினாள்.
கத்தட்டும்.

பதினொன்றாவதை அடைக்கப் பசை கலக்கினேன்.
ஆறு நிமிடத்தில் இறுகும் என்று எழுதியிருந்தது.
இறுகிவிட்டது,
கிண்ணத்திலேயே.
அதன்மேல் அப்படியே கறுப்பை அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோரியிலிருந்து வந்தவன்
டயரை உதைத்தான், ஹார்னை அடித்தான்.
அவன் மனைவிதான் கதவில் விரல் ஓட்டினாள்.
விரல் நின்றது.
"இது?"
"நான்தான்," என்றேன்.

நூறு டாலர் குறைக்கச் சொன்னார்கள்.
குறைத்தேன்.