மூடி

ஏப்ரல். ஐடஹோவில் பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை.
நான் இறங்கிவிட்டேன்,
தெயின் கடைக்கு, பெட்டி வாங்க.

இரும்பு, அலுமினியம், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்.
எல்லாவற்றிலும் ஒரே சீட்டு ஒட்டியிருக்கிறது:
‘தண்ணீர் புகாது.’
போன வருடப் பெட்டியிலும் அதேதான் இருந்தது.
தண்ணீருக்குப் படிக்கத் தெரியவில்லை.

“அலுமினியம் எடு லாரூ,
மேலே உட்கார்ந்தே துடுப்புப் போடலாம்” என்கிறான் தெயின்.
அதில் நான்கின் விலைக்கு
என் டிரக்கையே இன்னொரு முறை வாங்கலாம்.
பிளாஸ்டிக்கின் கொக்கியோ
விறைத்த விரலுக்கு வசப்படாது.

இரும்புப் பெட்டி ராணுவம் கழித்துக்கட்டியது.
பக்கவாட்டில் மஞ்சள் எழுத்து: இருநூறு தோட்டாக்கள்.
எந்தப் போருக்குப் போய்வந்ததோ, போகாமலே வந்ததோ,
இனி இதில் காப்பித்தூள், தீப்பெட்டி, கட்டுத்துணி.
இதற்குப் பெரியண்ணன் ஒருவன் உண்டு.
ஆறு நாளும் பதினான்கு பேரின் மலத்தைச் சுமந்து வருவான்,
கரையில் எதையும் விட்டுவரக் கூடாது என்பதால்.
அவன் மூடிக்கு மட்டும் யாரும் பேரம் பேசுவதில்லை.

ரப்பரைத் தடவிப் பார்க்கிறேன்.
பித்தவெடிப்பு மாதிரிக் கீறல் இருந்தால் வேண்டாம்.
காகிதத் துண்டை இடுக்கில் வைத்து, மூடி, இழுக்கிறேன்.
வழுக்கி வந்தால் அந்த மூலை பொய் சொல்கிறது.
கிழிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.
ஏழு பெட்டிகள் பொய் சொல்லின.
தெயின் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

பெட்டியும் மூச்சு விடும்.
நடுப்பகல் வெயிலில் உள்காற்று உப்பும்.
அதே சூட்டில் பனியுருகிய நீரில் ஒரு முக்கு,
சட்டென்று சுருங்கி, பக்கத்தில் இருப்பதை உறிஞ்சும்.
ஆறு உள்ளே நுழைவதில்லை,
பெட்டிதான் அதைக் குடிக்கிறது.
குடித்த ஒரு கரண்டியைப் பிறகு வெளியே விடவும் மாட்டாது.
நல்ல ரப்பர் அல்லவா,
ஆறு நாள் பூட்டிவைத்து
ரொட்டியில் பச்சைப் பூஞ்சை வளர்க்கும்.

போன ஆகஸ்டில் அதில் இருந்தவை
பாய்சியிலிருந்து வந்த மெரிட்டின் காதுக்கருவிகள்.
பெரிய சுழிப்புக்கு முன்னால் கழற்றிக் கொடுத்தார்.
‘பத்திரம்’ என்றேன், வாய் கூசாமல்.
கரையேறித் திறந்தபோது
இரண்டும் நத்தைக்குட்டிகள் போல நீரில் கிடந்தன.
இன்னும் மூன்று நாள் ஆறு மிச்சம்.
‘நிறுத்து!’ என்று நான் கத்தினால்
அவர் இன்னும் வேகமாகப் போட்டார்.
எதிர்ப்பக்கத்து டோரீனின் தோளைப் பார்த்துப் பார்த்து
ஒருவழியாகத் துடுப்பு படிந்தது.

கோபப்பட்டிருக்கலாம். படவில்லை.
கடைசி இரவு, தீயருகில்,
தேவைக்கு மேல் உரத்த குரலில் சொன்னார்:
“படகின் அடித்தோலில் முழங்கால் வைத்தால் ஆறு கேட்கிறது.
உன்னைவிடக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிடுகிறது.”
எல்லோரும் சிரித்தார்கள்.
அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள
எனக்கு வரவில்லை.
ஜூலையில் மறுபடி வருகிறாராம், புதுக் கருவிகளோடு.

கடைசியில் இரும்புதான். மூன்று.

வீட்டில் ஒன்றை அடுப்பருகே சுடவைத்தேன்,
சோதனை சோதனையாக இருக்கட்டும் என்று.
உள்ளே செய்தித்தாள்,
சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரம்.
பூட்டி, குதிரைத்தொட்டியில் அமுக்கினேன்.
மிதக்கப் பார்த்தது.
இரண்டு வார்ப்பிரும்புச் சட்டிகளைத் தலையில் ஏற்றினேன்.
காலை ஐந்துக்கு அடித்தால்
பெட்டி வறட்சி. அடிக்காவிட்டால்
தெயினிடம் சண்டை.

ஐந்து மணி.
தொட்டி விளிம்பில் கண்ணாடித்தாள் போல மெல்லிய பனிக்கட்டி.
குதிரை என்னைப் பார்த்தது,
நான் தண்ணீரைப் பார்த்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஐந்து ஒன்று.
சாவியை முழுதாகத் திருகினேனா என்று யோசித்தபடி
தொட்டியின் தகரத்தில் கை ஊன்றினேன்.

உள்ளங்கை நடுங்கியது.
குளிர் என்றுதான் முதலில் நினைத்தேன்.