பூட்டு மாற்றப் போன இடம்

சட்பரியில் அன்று மைனஸ் இருபத்தாறு.
"வீடு என் பேரில்தான், பாருங்கள்,"
போனில் பத்திரத்தை நீட்டினான் ரெய்னோ.
ஒரே பெயர். சரிதான்.

பழைய பூட்டின் மூன்றாவது திருகில் இருந்தேன்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்தாள் ஒடெட்.
கத்தவில்லை.
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள்,
பையிலிருந்து நான்காய் மடித்த காகிதம்:
வக்கீல் எழுதியது,
ஓரத்தில் அவள் எழுதியது
பால், பூனைத்தீனி, பல்பு.

"பத்திரத்தில் நான் இல்லை.
வீட்டில் இருக்கிறேன்.
கோர்ட் சொல்கிறவரை
இவர் என்னை வெளியே நிறுத்த முடியாது.
நானும் இவரை."

ரெய்னோ ஒன்றும் சொல்லவில்லை.
இருவர் பூட்ஸிலிருந்தும் பனி
ஒரே தட்டில் உருகிக்கொண்டிருந்தது.

கழற்றிய திருகுகளைத் திரும்ப முடுக்கினேன்.
"வந்ததுதான் வந்தீர்கள்,
பின்கதவு குளிரில் இறுகிக்கொள்கிறது,
அதையாவது பாருங்கள்."

போகிற வழியில் சோபாமேல் ஒரு தலையணை, ஒரு போர்வை.
யாருடையது என்று கேட்கவில்லை.
கதவின் அடியைச் சீவி
கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

ரசீதில் பெயர் எழுதும் இடத்தில்
பேனா மை உறைந்துபோயிருந்தது.
உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக்கொண்டே
இருவரையும் பார்த்தேன்.