முந்நூறில் ஒரு லாரி

கப்பலூர் சிட்கோ, எடைமேடை அறை.
இரவு இரண்டே கால்.
முந்நூறு லாரிக்கு ஒருமுறை
முன்னால் போனதன் எடையைப்
பின்னால் வந்ததன் தலையில் கட்டுகிறது
நான் பார்க்க வந்த டிரைவர்.

லாரி டிரைவர் இல்லை, தர்மரண்ணே,
கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவன்.
"அவனும் தூங்கிட்டானா?" என்றார்.

பிடிப்பதற்காக
ஒரே ஒரு வரி அச்சிடச் சொன்னால்
பிழை வராது.
அச்சிடும் நேரத்துக்குள்
எடை வந்து சேர்ந்துவிடும்.
வரியை எடுத்தேனோ,
மறுபடி தவிட்டு லாரிக்குக்
கருங்கல்லின் கனம்.

நாலாவது டீயில் கண்ணில் பட்டது
சாந்தாராம் எழுதிவிட்டுப் போன
இருபது மில்லிசெகண்ட்.
பக்கத்திலேயே அவர் குறிப்பு: இது போதும்.

யாருக்கு?
கார்டு சில நேரம்
இருபத்தொன்று எடுத்துக்கொள்கிறது.
யாரும் அதைக் கேட்கவில்லை.

அழித்தேன்.
கார்டே 'தயார்' என்று
ஒரு பிட்டை உயர்த்தும்வரை காத்திரு.
உயர்த்தாமலே போனால்?
அரை செகண்டில் கைவிடு.
பழைய எடையைச் சொல்லாதே,
தெரியவில்லை என்று சொல்.
இந்தக் கடைசி வரிக்குத்தான்
நெடுநேரம் ஆனது எனக்கு.

விடியும்போது
திருமங்கலம் பக்கமிருந்து வரிசை.
சடையாண்டியின் லாரி மேடையேறியது.
பதினெட்டு டன் நானூறு.
இறங்கியது.
அடுத்தது காலி வண்டி,
காலியாகவே காட்டியது.

"சரியாயிருச்சாம்மா?"
"இன்னும் முந்நூறு போகட்டும்ணே."
"அதுக்கப்புறம்?"

இட்லிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தேன்.
வெளியே யாரோ
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.