தாமதக் கட்டணம்

மகரகமை என்று இங்கே யாரும் ஊரைச் சொல்வதில்லை.
“அவருக்கு மகரகமையாம்” என்றால்
கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.
நான் போனது 138இல். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
கோப்பை மடியில் வைத்திருந்தேன்,
துறைமுகத்தில் நாற்பது வருடம்
கப்பல் பத்திரங்களை நனையாமல் வைத்திருந்த மாதிரி.

டொக்டர் விக்கிரமாராச்சிக்கு என் மகனின் வயதும் இராது.
சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.
மருந்து ஏற்றினால் பதினெட்டு மாதம் வரலாம்.
ஏற்றாவிட்டால் எட்டு. அதுவும் வரலாம்.
கோப்பில் என் வயது எழுதியிருந்த இடத்தை
அவருடைய விரல் மறைத்துக்கொண்டிருந்தது.
வேண்டுமென்றில்லை.

வழியெல்லாம் கழித்துப் பார்த்தேன்.
பதினெட்டில் எட்டுப் போனால் பத்து.
அதில் ஆறு, மருந்து ஏறவும் வாந்திக்கும் மயிர் கொட்டவும்.
(மயிர் இல்லை. அந்தச் செலவை வெட்டிவிடலாம்.)
மிச்சம் நாலு.
நுகேகொடைச் சந்தி நெரிசலில் அந்த நாலையும்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு கொச்சிக்கடைத் திருநாள் அதற்குள் விழும்,
அல்லது விழாது.

டெமரேஜ் என்றால் என்னவென்று வாப் கிளாக்குக்குத் தெரியும்.
பெட்டி இறங்கிவிட்டது, எடுக்க ஆள் வரவில்லை,
நாளுக்கு நாள் கட்டணம் ஏறும்.
ஒருநாள் அது சரக்கின் விலையைத் தாண்டும்.
அதற்குப் பிறகு முதலாளி போன் எடுக்கமாட்டார்.
எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்,
“விடுங்கோ சேர், கட்டாது.”

வீட்டில் பிலோமினா காலையில் கேட்பாள்,
“மகரகமையில என்ன சொன்னவை?”
நேற்றுச் சொன்னது அவளிடம் தங்குவதில்லை, இரண்டு வருடமாக.
திங்கட்கிழமை, “ஒண்டுமில்லையாம்” என்றேன்.
“நான் சொன்னனான்தானே” என்று பாணுக்குப் பட்டர் பூசினாள்.
செவ்வாய், “மருந்து ஏத்தப் போறன்.”
எழும்பிப் போய் பஸ் காசை
சில்லறையாக எண்ணி மேசையில் வைத்தாள்.
புதன், “ஏத்தேல்லை.”
அவள் ஒன்றும் பேசவில்லை. கோப்பையைக் கழுவினாள்.
கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினாள்.
வியாழன் நான் முந்திக்கொண்டு
மழையைப் பற்றிக் கதைத்தேன்.

ஒஸ்லோவிலிருந்து டெரன்ஸ்:
“அப்பா, காசைப் பற்றி யோசிக்காதைங்கோ.”
காசைப் பற்றி யோசிப்பதென்றால் சுகமாயிருந்திருக்கும்.
ஏழு குழிப் பெட்டியில் அவளுடைய குளிசைகளை
ஞாயிறு இரவில் நான்தான் போடுகிறேன்.
எட்டு மாதமென்றால் முப்பத்தைந்து ஞாயிறு.
பதினெட்டென்றால் எழுபத்தெட்டு;
அதில் எத்தனையில் என் கை நடுங்காது?
இந்தக் கேள்வியை டொக்டரிடம் கேட்கவில்லை.
சிங்களத்தில் எப்படிக் கேட்பதென்று
பொரளையில் இறங்கி நின்றபோதுதான் வந்தது.

ஒருமுறை, கைவிட்ட பெட்டியொன்றை ஏலத்துக்குத் திறந்தோம்.
மூன்று வருடம் வெயிலில் கிடந்தது.
நாறும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.
உள்ளே குடைகள். முழுக்கக் குடைகள்.
ஒன்றை எடுத்து விரித்தேன், விரிந்தது.
கம்பியில் கறல் இல்லை.
அதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று
எனக்கு இன்றும் தெரியாது.

இன்று வெள்ளி. கேட்டாள்.
“நீ சொல்லு” என்றேன்.
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
“சேட்டில தெறி இல்லை. இப்பிடியே டொக்டரிட்டப் போறது?”
ஊசியில் நூலை ஒரே தரத்தில் கோத்தாள்,
நான் மூன்று நாளாய் முயன்று விட்ட ஊசி.
சேட்டைக் கழற்றவும் விடவில்லை.
நெஞ்சுக்கு மிக அருகே உலோகம் போய் வந்தது.
“அசையாதைங்கோ.”

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
நம்பர் எடுக்க
விடிய நாலரைக்கு வெளிக்கிடவேண்டும்,
போனால்.